பூஜ்ஜியத்தில் நிற்காத முகடு: திருப்பதி ஆய்வகத்துக்கு ஒரு பயணம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட என் ஆய்வுக் கட்டுரையைச் சரிபார்க்க, போன ஜனவரியில் திருப்பதி போனேன். இப்படிச் சாம்பிளோடு வெளியூர் ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாம்பிள் என்பது நகத்தளவு படிகம். உள்ளே மின்சாரம் ஓடாது, மேற்பரப்பில் மட்டும் ஓடும்; டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டர் என்போம். அதன்மேல் நியோபியம் என்ற உலோகப் பூச்சு. கடுங்குளிரில் நியோபியம் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியாகி, அதன் எலக்ட்ரான்கள் ஜோடி சேரும். இரண்டும் தொடும் இடத்தில் அந்தப் பழக்கம் படிகத்தின் எலக்ட்ரான்களையும் தொற்றிக்கொள்ளும். அங்கே பூஜ்ஜிய மின்னழுத்தத்தில் மின்கடத்தல் வரைபடம் முகடாக எழுந்தால், எல்லோரும் தேடும் அபூர்வ நிலையாக இருக்கலாம். எங்களுக்கு எழுந்தது.

அப்போது என்னோடு வேலை செய்த சாமுவேல் சித்தூர்க்காரன், என் வயதுதான். "காந்தப் புலத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாக்கலாம், கலா. படிகத்துல சாதாரணக் குறைன்னா முகடு ரெண்டாப் பிரிஞ்சிடும்" என்றான்.

"அதுக்குக் கருவி கெடைக்க இன்னொரு மாசம் ஆகும்" என்று சொல்லிக் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டேன். அவன் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். கொஞ்ச நாளில் ஆய்வையே விட்டுப் போய்விட்டான்.

வேலூரில் காலை 5.40க்குப் பஸ். ஒரு மணி நேரத்தில் சித்தூர். அங்கே மாறினால் திருப்பதி எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கண்டக்டர் என் மடியில் இருந்த சாம்பிள் பெட்டியைப் பார்த்தார்.

"பொட்டிய மேல வையேம்மா."

"ஒடைஞ்சிடுங்க."

"ஒடையற சாமான எட்துக்கினு யாரும்மா திருப்பதி போறாங்க?" என்று சிரித்தார்.

சாம்பிள் குளிர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்கு ஆய்வகத்தாரும் நானுமாகக் காந்தப் புலத்தை ஏற்றினோம். முகடு பிரிந்தது. மூன்று முறை திரும்ப அளந்தேன். மூன்று முறையும் பிரிந்தது.

திரும்பும் வழியில் சித்தூரில் இறங்கி சாமுவேலுக்குப் போன் செய்தேன். மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்கிறான். நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்.

"பிரிஞ்சிடுச்சு" என்றேன்.

என் போனை வாங்கி, வரைபடத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"கட்டுரையத் திரும்பப் பெறப் போறேன். நீதான் மொதல்ல சொன்னேன்னு எழுதட்டுமா?"

"இப்ப எம் பேரு இன்னாத்துக்கு?" என்றான். "அன்னிக்கே ஏத்தியிருந்தா, நானும் பக்கத்துல குந்திக்கினு பாத்திருப்பேன்ல?"

ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினான். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இதழுக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன்.

போகிறவர்களுக்கு: புரட்டாசி சனிக்கிழமைகளைத் தவிருங்கள், பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. ஆய்வகத்தில் இரண்டு நாள் கூடுதலாகக் கேளுங்கள். கூட இருப்பவர் சந்தேகம் சொன்னால், அவர் இருக்கும்போதே அதை அளந்து பார்த்துவிடுங்கள். எனக்குக் கருவி மறுபடி கிடைத்தது. சாமுவேல் கிடைக்கவில்லை.