ஐதீகம் என்றால் என்ன?

பிள்ளைகளே, கோயில் நோட்டீசைக் காட்டி 'ஐதீகம்' என்றால் என்னவென்று கேட்டீர்கள். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் இந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில் என் தங்கச்சிக்கு, அதுதான் உங்கள் மாமிக்கு, அம்மைக் கொப்புளங்களோடு அம்மாள் வருத்தம் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து தந்தும் மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தாள். செத்துப்போவாளோ என்று பயந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணகை அம்மன் கோயிலில் அன்று குளிர்த்தி, அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு. குளிர்த்தித் தண்ணீர் பட்டால் இந்த வருத்தம் ஆறும் என்பது ஐதீகம் என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டத்தில் என் பக்கத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, நின்றார்.

"மாமா, ஐதீகம் எண்டா என்ன?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் கை வைத்தார்.

"நிச்சயம் எண்டு அர்த்தம் மருமகன். தண்ணியத் தெளி, மறுகா மருந்தையும் குடுக்கச் சொல்லு. எழும்பிருவாள்."

போத்தலில் தண்ணீர் வாங்கி, என்னைச் சைக்கிளில் ஏற்றி மிதித்தார். நான் தெளித்தேன், அம்மா மருந்து கொடுத்தார். மாமா வாசலோடு நின்றுவிட்டார். தொற்றிவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். இரண்டாம் நாள் தங்கச்சி கஞ்சி கேட்டாள்.

அடுத்த வருடம் பள்ளியில் தமிழ் படிப்பித்த சேர் விளக்கினார். வடமொழியில் 'இதி ஹ' என்றால் 'இப்படித்தானாம்'. அதிலிருந்து வந்ததுதான் ஐதீகம். யாரோ சொன்னார்கள், எல்லாரும் நம்புகிறார்கள், அவ்வளவுதான். நிச்சயம் என்று அதில் எங்குமே இல்லை. பள்ளி விட்டதும் நேரே வயலுக்கு ஓடினேன்.

"மாமா, உங்களுக்குத் தமிழே தெரியா."

"ஓம்டா, நான் மாட்டுக்குப் பின்னால திரிஞ்சு படிச்சவன்," என்று மாமா சிரித்தார். "சேர்ட்ட சொல்லிராத. என்னையும் வகுப்பு வாங்கில ஏத்தி நிக்க வச்சிருவார்."

வென்றுவிட்ட நடையோடு வீட்டுக்குப் போனேன்.

மாமா காலமாகி எட்டாம் நாள்தான் அம்மா சொன்னார். நான் பிறக்குமுன் மாமாவுக்கு ஒரு மகள் இருந்தாளாம். அதே வருத்தம், அதே தண்ணீர். அவள் எழும்பவில்லை. அந்தச் சொல்லின் பொருளை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இருந்திருக்க மாட்டார்.

அன்று பின்னேரம் தனியாகச் சவக்காலைக்குப் போனேன். மாமாவின் மகளைப் புதைத்த மேடு கரைந்திருந்தது, சுற்றிப் பதித்த மட்டிச் சிப்பிகள்தான் அடையாளம். மூடியிருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.