நியூ மால்டனில் நான் நிறுத்திய பாட்டு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு இல்ஃபோர்டில் எலிசபெத் ரயில் ஏறினோம். நான், சுகந்தி, என் தோள்பையில் ஒரு கஞ்சிரா. கரூரிலிருந்து லண்டன் வரை அதைத் துண்டில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தேன். எட்டு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். மிருதங்கத்தை விமானத்தில் ஏற்றுவது பெரும்பாடு என்பதால் அதன் தம்பியைக் கூட்டி வந்தேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுகந்தி இரண்டு முறை சிரித்தாள். மூன்றாம் முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுகந்தி திருச்சியில் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து எங்களோடு படித்தவள். கல்யாணமாகி லண்டன் வந்து இருபத்தைந்து வருடமாகிறது. வாரநாட்களில் நகராட்சி கவுன்சிலில் வேலை. சனிக்கிழமைகளில் நியூ மால்டன் என்னும் ஊரில், கொரியாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அவள் வீட்டில் தங்க வந்த என்னைத் தன் வகுப்புக்கு ஒரு நாள் வரச்சொன்னாள்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி, சுரங்க ரயில் மாறி, வாட்டர்லூ போனோம். அங்கிருந்து நியூ மால்டனுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவள் தன் பாடமுறையை எனக்கு விளக்கினாள்.

"ஒவ்வொரு மாசமும் ஒரு தேசத்துப் பாட்டு அண்ணை. ரெகே ஆறுதலாப் போற தாளம், பிள்ளையள் யோசிச்சுச் சொல்ல நேரம் கிடைக்கும். சம்பா தாளம் எண்டால் சாமான்களின்ர பேரை அடுக்கிச் சொல்லலாம். ப்ளூஸில ஒரே வசனத்தை ரெண்டு தரம் சொல்லிப்போட்டு மூண்டாந்தரம் மறுமொழி சொல்லவேணும். வசனமெல்லாம் நான்தான் எழுதுறனான். இண்டைக்கு உங்கட ஆதி தாளம்."

இருபத்திரண்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவன் நான். இது பாடமா, பிறந்தநாள் விழாவா என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே தலையாட்டினேன்.

"ஒரேயொரு சட்டம்தான். ஆர் பிழை விட்டாலும் நிப்பாட்டாதேங்கோ. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கவேணும்."

"சரிம்மா, எனக்குத் தெரியாததா?" என்றேன்.

ரெய்ன்ஸ் பார்க் தாண்டியதும் அவள் குரலைத் தணித்தாள். வகுப்பில் யூனா என்று ஒரு பெண் இருக்கிறாள், எட்டு வயது, பூசானிலிருந்து வந்து ஏழு மாதம். வீட்டில் கொரிய மொழியில் ஓயாமல் பேசுகிறாளாம். பள்ளிக்கூடத்திலும் இங்கேயும் இதுவரை ஒரு சொல் இல்லை.

"இந்தத் திங்கள் இல்லை, அதுக்கு அடுத்த திங்கள் ஸ்கூலில மீட்டிங். பிள்ளைக்கு ஏதோ குறை எண்டு அவையள் நினைக்கினம். தாய் அழுதுகொண்டு திரியுறா. ஒரு வசனம் அண்ணை, ஒரு வசனம் கதைச்சாலே நான் போய்ச் சொல்லுவன், பிள்ளைக்கு ஏலும் எண்டு."

நியூ மால்டன் கடைத்தெருவில் பாதிப் பலகைகள் கொரிய எழுத்தில் இருந்தன. வெம்பிளியில் தமிழ்ப் பலகைகளைப் பார்த்து முந்தின நாள் பூரித்துப்போனவன், இங்கே ஒரு எழுத்தும் புரியாமல் நின்றேன். கூடத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் இனிப்புப் பயறு வைத்த ரொட்டி ஒன்று இரண்டு பவுண்டு நாற்பது பென்ஸ். கிட்டத்தட்ட நம்ம ஊர் தேங்காய் பன்னின் உறவுக்காரன். சுகந்தி பிள்ளைகளுக்காக ஒரு பை நிறைய வாங்கினாள்.

பத்தரை மணிக்கு வகுப்பு. தேவாலயத்துக்குச் சொந்தமான பழைய கூடம், வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். சுவரில் உலக வரைபடம், அதில் பாட்டு வந்த தேசங்களிலெல்லாம் நிறநிறமாய் ஊசிகள். ஒன்பது பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். யூனா மஞ்சள் ஸ்வெட்டர் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். தமிழ்நாட்டில் ஊசி குத்தும் உரிமையைச் சுகந்தி எனக்குத் தந்தாள். கரூர் இருக்கும் இடத்தைக் குறிபார்த்துக் குத்தினேன்.

தாளத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தட்டு, மூன்று விரல். ஒரு தட்டு, ஒரு திருப்பு. மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. எட்டு எண்ணிக்கை. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள், எனக்கே ஆச்சரியம். அந்த எட்டுக்குள் ஒவ்வொருவரும் தன் அம்மா என்ன சமைப்பாள் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் கஞ்சிரா வாசிக்க வாசிக்க, சோறு, முட்டை, நூடுல்ஸ் என்று வட்டம் சுற்றி வந்தது. கூடம் கலகலத்தது. என் வாசிப்புதான் காரணம் என்று நான் நம்பினேன்.

வட்டம் யூனாவிடம் வந்தது. அவள் முறையில் எட்டு எண்ணிக்கையைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவதுதான் வழக்கம் என்று சுகந்தி முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் யூனாவின் உதடு அசைந்தது.

"மை மாம் மேக்ஸ்..."

சின்னக் குரல். ஆனால் கேட்டது. சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். வாசி, வாசி என்று கையால் எனக்குச் சைகை காட்டினாள். நான் பார்த்தது அதையல்ல. யூனாவின் கையை. தட்ட வேண்டிய இடத்தில் திருப்பினாள், திருப்ப வேண்டிய இடத்தில் தட்டினாள். எட்டு வருடம் எனக்குச் சொல்லித்தந்தவர்கள் தாளம் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, பிசகியது யார் என்று பேர் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார்கள். நானும் இருபத்திரண்டு வருடம் மாணவர்களை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

கஞ்சிராவை நிறுத்தினேன். "நோ, நோ, நோ. யூ, யெல்லோ ஸ்வெட்டர். ஒன்ஸ் மோர்" என்றேன்.

அத்தோடு விட்டேனா? எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, அவள் தொடையிலேயே தாளம் போட்டுக் காட்டினேன். எட்டுப் பிள்ளைகளும் பார்த்தார்கள். கை என் பிடியில் துணிபோல் கிடந்தது. நான் விட்டதும் அது மடியில் விழுந்தது. பன்னிரண்டு மணி வரை அவள் தலை நிமிரவில்லை. ரொட்டியையும் தொடவில்லை.

திரும்பும் ரயில் விம்பிள்டன் தாண்டியது. நானாகவே பேச்சை எடுத்தேன். "தாளம் தப்பினா சொல்லாம எப்படிம்மா இருக்கிறது?"

"அவள் கதைச்சவள் அண்ணை. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லையே" என்றேன்.

பச்சைப் பொய். கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அந்தப் பொய்யைச் சொன்னபோது என் மடியில் கஞ்சிரா இருந்தது. அதை மெல்லப் பைக்குள் தள்ளினேன்.

அடுத்த ஆறு நாளும் ஊர் பார்த்தேன். தேம்ஸ் ஆற்றைப் பார்த்தேன், அரண்மனை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன், சவுத்தாலில் ஜிலேபி தின்றேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவில் இல்லை. எங்கே போனாலும் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். லண்டனில் இத்தனை மஞ்சள் ஸ்வெட்டரா என்று எரிச்சலாக வந்தது.

இரண்டாம் சனிக்கிழமை. மறுநாள் எனக்கு விமானம். அதற்கு மறுநாள் யூனாவின் பள்ளிக்கூடத்தில் அந்தக் கூட்டம். அதே எட்டரை மணி ரயில். பையில் கஞ்சிரா இல்லை. யூனாவிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியத்தைக் கொரிய மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாட்டர்லூவில் ரயில் கிளம்பியதும் சுகந்தியிடம் சொல்லிவிட்டேன்.

"போன வாரம் எனக்குக் கேட்டுச்சு சுகந்தி. கேட்கலைன்னு பொய் சொன்னேன்."

"தெரியும் அண்ணை. உங்கட முகத்தில அப்பவே தெரிஞ்சது."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கூடத்துக்குள் நுழைந்தேன். யூனா என்னைப் பார்த்தாள். உடனே இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மனப்பாடம் செய்த வாக்கியத்தோடு வாசலிலேயே நின்றேன். சுகந்தி என்னைக் கதவருகே கூட்டிப் போனாள்.

"குறை நினைக்காதேங்கோ. நீங்கள் இஞ்ச நிண்டால் அவள் வாய் திறக்கமாட்டாள். வெளியில இருங்கோ."

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச். அதில் முப்பத்தைந்து வயதிருக்கும் கொரியப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து குனிந்து வணங்கினாள். குடுவையிலிருந்து காகிதக் கோப்பையில் பார்லித் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"யூ, மியூசிக் டீச்சர்? ஐ ஆம் யூனா மாம். தேங்க் யூ."

யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போன பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை போலும். நான்தான் அந்த ஆள் என்று சொல்ல வாயெடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தேநீர் ஆறும்வரை கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

உள்ளே சுகந்தி மேசையைத் தட்டினாள். அதே ஆதி தாளம். சோறு, முட்டை, நூடுல்ஸ் என்று வட்டம் சுற்றியது. யூனாவின் முறை வந்தபோது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஒரு கை மட்டும் தவறான இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. எட்டு எண்ணிக்கை சும்மா போனது. சுகந்தி நிறுத்தவில்லை. இன்னோர் எட்டும் போனது.

"மை மாம் மேக்ஸ் ஸீவீட் சூப்." அம்மா கடற்பாசி சூப் வைப்பாளாம்.

பக்கத்தில் இருந்தவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மை டாட்டர்" என்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. உள்ளே மறுபடியும் அதே வாக்கியம், இம்முறை இன்னும் சத்தமாக, தாளத்தை விட்டு இன்னும் விலகி. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்ததால்தான் அந்தக் குரல் வந்தது என்பது எனக்குத் தெரியும். "தேங்க் யூ, டீச்சர்" என்று அவள் மறுபடியும் குனிந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சுகந்தி அந்தக் குரலைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். நான் கரூர் வந்து சேர்ந்த பிறகு அவளிடமிருந்து செய்தி வந்தது. கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினாளாம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அவகாசம் கொடுப்போம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

ஜூனில் எங்கள் பள்ளி திறந்தது. நான் வராந்தாவில் நடந்து வந்தாலே நான்கு வகுப்புகள் அடங்கிவிடும். விருந்தினர் வந்தால் தலைமையாசிரியர் இதைச் சொல்லிக்காட்டுவார். நானும் பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். முதல் நாளும் அப்படியே அடங்கியது. பத்தாம் வகுப்புக் கதவுக்கு வெளியே, உள்ளே போகாமல் நின்றேன். யாராவது ஏதாவது பேசட்டும் என்று காத்திருந்தேன். உள்ளே நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை.