ஞாயிற்றுக்கிழமை பார்த்த ட்ரிகர் வேலை

1

“அண்ணை, வெடிச்சிட்டுது.”

யோகன் ஃபோனில் சொன்ன முதல் வசனம் அதுதான். சனிக்கிழமை மத்தியானம், நான் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தேன். “ஆருக்கும் ஏதும்...” என்று தொடங்கினேன்.

“இல்லை, ஆருக்கும் ஒண்டுமில்லை. போல்ட்டைப் பூட்டினன். விரல் ட்ரிகரிலை படவே இல்லை, தானாய் வெடிச்சது. குழல் இலக்கைப் பாத்தபடி இருந்ததாலை குண்டு மண்மேட்டுக்குள்ளை போயிட்டுது. பக்கத்துப் பாயிலை சுடுறதுக்கு ஒரு மனுசி படுத்திருந்தவ, அண்ணை.”

ஆறு நாளைக்கு முன் அந்த ட்ரிகரை என் வீட்டுக் குசினி மேசையில் வைத்து லேசாக்கிக் கொடுத்தவன் நான்.

சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் ஒரு துவக்குத் திருத்தும் பட்டறையில் இருபது வருசத்துக்கு மேல் வேலை செய்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் இங்கே துவக்குக்கு எண்ணெய் போடுகிறான் என்று எங்கள் சனம் பகிடி பண்ணும். எனக்கு அது இரும்பு வேலை. அதற்கு முன் எம்மன்புரூக்கே ஊரில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் மெஷினில் நின்ற கைதான், இடம் மட்டும் மாறியது. இந்தத் தொழில் பழகும் இளம் ஆட்களுக்கு ஏதாவது எழுது என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். கெட்டித்தனமான கதைகள் நிறைய உண்டு. ஆனால் சொல்ல வேண்டியது, நான் வேலையில் இருந்தபோது நடந்த இதைத்தான் என்று நினைக்கிறேன்.

2

யோகன் பஸ் ஓட்டுபவன். ஊருக்கு வெளியே ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்திருந்தான். அங்கே தமிழன் அவன் ஒருவன்தான். மூன்று வருசம் போய்வந்து, கதிரை அடுக்கி, கோப்பி ஊற்றிக் கொடுத்து, அந்த வசந்தத்தில்தான் முழு அங்கத்தவன் ஆனான். அவனிடம் இருந்தது கராபீனர், சுவிஸ் இராணுவத்தின் பழைய துவக்கு. இராணுவம் கைவிட்டுக் கனகாலமானாலும் கிளப்புகளில் இன்றைக்கும் சுடுகிறார்கள்.

“ட்ரிகர் இழுபடுது அண்ணை, மணலுக்குள்ளாலை இழுக்கிற மாதிரி. பட்டறையிலை குடுத்தால் விலை கேப்பினம். நீங்கள் வீட்டிலை ஒருக்காப் பாருங்கோவன்.”

எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு பழக்கம். தெரிந்தவன் ஒருவன் அந்தத் தொழிலில் இருந்தால் அவனுடைய கடைக்குப் போக மாட்டோம், வீட்டுக்குப் போவோம். பட்டறையில் ஒரு துவக்கு வந்தால் வேலைச் சீட்டு எழுதுவோம். கடைசியில் செய்ய வேண்டிய சோதனைகள் அந்தச் சீட்டில் வரிசையாக இருக்கும். குசினி மேசைக்கு ஏது சீட்டு? யோகன் தின்ன ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்தான், நான் எப்ரனைக் கட்டினேன்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய கிறீஸ் காய்ந்து களியாகிக் கிடந்தது. கழுவித் துடைத்து மெல்லிய எண்ணெய் வைத்தேன். பாதிக்கு மேல் குணமாகிவிட்டது. செலவு ஒரு பழந்துணி. அதோடு மூடியிருக்க வேண்டும். ட்ரிகர் சரியில்லை என்று வருகிற துவக்குகளில் அரைவாசிக்கு வியாதி ஊத்தைதான்.

ஆனால் யோகன் பக்கத்தில் நின்று, “அண்ணையின்ரை கை எண்டால் கைதான்” என்றான். எனக்கும் பெருமையில் புளுகம் வந்துவிட்டது. ட்ரிகருக்குள்ளே ஒன்றையொன்று பிடித்து நிற்கும் இரண்டு இரும்பு முகங்களையும் மினுக்கத் தொடங்கினேன். மினுக்கினால் ட்ரிகர் லேசாகும், அளவு மீறினால் பிடியே நிற்காது. எந்த இடம், எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் ஒருவர் நாளைக்கே மேசையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்.

கிளப் விதிப்படி அந்த ட்ரிகர் ஒன்றரைக் கிலோவைத் தாங்க வேண்டும். வீட்டில் நிறைகல் இல்லை. கடைப்பையில் ஒரு கிலோச் சீனிப் பக்கெற் ஒன்றும் அரையும் போட்டு, குண்டு இல்லாத வெறும் துவக்கின் ட்ரிகரில் கொளுவித் தூக்கினேன். தாங்கியது. மனைவி வந்து பார்த்து, “தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, அங்கை துவக்கிலை தொங்குது” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

இன்னொரு சோதனை இருந்தது. வெறும் துவக்கைச் சுடத் தயாராகக் கொக்கி ஏற்றி, தோளில் வைக்கும் அடிக்கட்டையை றப்பர் விரிப்பில் ஓங்கித் தட்ட வேண்டும். அந்த அதிர்விலும் கொக்கி விழாமல் நின்றால்தான் துவக்கு வெளியே போகலாம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்டில் ஞாயிறில் சத்தம் கூடாது, வெறும் போத்தலைக் கொண்டுபோய்ப் போடவும் முடியாது. கீழ் வீட்டு மனுசி, நாங்கள் உரலில் மிளகு இடித்ததற்கே வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டவர். தட்டினால் இன்னொரு கடிதம் வரும் என்று தட்டாமல் கொடுத்துவிட்டேன்.

3

“உங்கடை பேரைச் சொல்லேல்லை,” என்றான் யோகன் அந்தச் சனிக்கிழமை ஃபோனில். “நானே வீட்டிலை செய்தனான் எண்டு சொல்லிப்போட்டன். தெரிஞ்சால் உங்களுக்கு வேலை போயிடும். புதன்கிழமை கிளப் ஆக்கள் கூடி என்னை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுப்பினமாம்.”

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு முழு ஞாயிறும் அந்த நிம்மதியோடு இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. திங்கள் காலை பட்டறையின் பெண் முதலாளி ஃபிராவ் ஸ்டைனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கடைசியில், “தட்டிப் பாத்தீங்களோ?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை. ஞாயிற்றுக்கிழமை.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இத்தனை வருசத்திலை ஒருநாளும் உங்களிட்டைத் தட்டிப் பாருங்கோ எண்டு நான் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சிருந்தன்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். புதன்கிழமை என்னோடு கிளப்புக்கும் வந்தார்.

அங்கே முடிவெடுக்க ஏழு பேர் இருந்தார்கள். யோகன் ஓரத்தில் தலை குனிந்திருந்தான். செய்தது நான்தான் என்று என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண்ணும் அந்த ஏழு பேரில் ஒருவர். அவர் கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“பட்டறைக்கு வந்த வாடிக்கையாளரின்ரை துவக்கெண்டால் தட்டிப் பாத்திருப்பீங்களோ?”

“ஓம்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எனக்கே விளங்கியது. முகம் தெரியாத ஆளுக்கு முழு வேலை. என்னை அண்ணை என்று கூப்பிட்ட, எனக்காகப் பழியை ஏற்ற பெடியனுக்கு அரை வேலை. அன்புக்குச் செய்த வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு சோதனை குறைந்திருந்தது. சீட்டு என்பது முதலாளிக்காக எழுதுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

யோகனைக் கிளப்பில் வைத்துக்கொண்டார்கள். பொய் சொன்னதற்காக அந்தப் பருவம் முழுக்கச் சுட விடவில்லை. துவக்கு பட்டறைக்கு வந்தது. சீட்டு எழுதி, நான் மினுக்கிக் கெடுத்த பாகத்தை என் செலவில் மாற்றினேன். ட்ரிகர் முன்னையைவிடக் கொஞ்சம் பாரம். ஆனால் துப்புரவாக இழுபட்டது. எல்லாச் சோதனையும் செய்து கையெழுத்து வைத்தேன்.

எடுக்க வந்த யோகன் துவக்கைக் கையில் வாங்கினான். துவக்கில் குண்டு நிற்கும் அறை வெறுமையா என்று பார்த்தான். கொக்கியை ஏற்றினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், றப்பர் விரிப்பில் அடிக்கட்டையை இரண்டு முறை தட்டினான்.

“குறை நினையாதேங்கோ, அண்ணை.”

சுருக்கென்றது. நான் கையெழுத்து வைத்த வேலையை என் கண் முன்னால் ஒருவன் சோதித்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அந்த உரிமையை உண்டாக்கிக் கொடுத்ததும் நான்தான்.

“காணாது,” என்றேன். “இன்னும் ஒருக்கா, பலமாய்த் தட்டு.”