நடுங்கின கையில் கொடுத்த பிள்ளை

எனக்கு மைக் புடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லைங்க. அம்மையார்குப்பத்தில பவர்லூம் ரிப்பேர் பண்றவன் நான். மூணு வருஷத்துக்கு முன்னால, டிசம்பர் மாசத்துல நான் பட்ட பயத்தை இந்தச் சபையில உங்ககிட்ட சொல்லணும்னுதான் எழுந்து வந்தேன்.

என் மனைவி எஸ்தருக்கு அப்போ ஏழாம் மாசம். ஒரு நாள் காலையில தோசை ஊத்திக்கினு இருந்தவ, "கண்ணு மங்குதுங்க"ன்னா. அடுத்த நிமிஷம் வலிப்பு. வாயில நுரை. திருத்தணி ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ஆட்டோவில அவ தலையை மடியில வெச்சுக்கினு "இயேசப்பா, இயேசப்பா"ன்னேன். வேற ஜெபம் வாயில வரலை. பிரஷர் ஏறிப்போச்சு, உடனே ஆபரேஷன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சாங்க. எஸ்தருக்கு நினைவே திரும்பலை. நாள் போய்க்கினே இருந்துச்சு. ரெண்டு வார்டுக்கும் நடுவுல நடந்தேன். எந்தக் கதவு திறந்தாலும் என் பேரைக் கூப்பிடப் போறாங்களோன்னு திரும்பிப் பார்ப்பேன். வீட்டுல கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டலையான்னு யாரோ போன்ல கேட்டாங்க. போனை அணைச்சுட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் நர்சம்மா வந்தாங்க.

"சட்டையைக் கழட்டிட்டு உட்காருங்க. குழந்தைக்கு உடம்புச் சூடு வேணும். அம்மாவால இப்ப முடியாது, நீங்கதான்."

"வேணாம் சிஸ்டர். இரும்பு புடிக்கிற கை. எதனா ஆயிடும்."

"ஆங், எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க. உட்காருங்க."

நெஞ்சு மேல வெச்சாங்க. எடையே தெரியலை. மூச்சு மட்டும் தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுபோச்சு. பக்கத்துல இருந்த மெஷின் கத்துச்சு. குழந்தை உதடு நீலமாயிடுச்சு.

"ஆண்டவரே, மேலேர்ந்து பார்த்துகினு இருக்காதீங்க, இறங்கி வாங்க!"ன்னு கத்திட்டேன்.

நர்சம்மா ஓடி வந்து குழந்தையோட பாதத்தைத் தேய்ச்சாங்க. ஒரு தடவை. ரெண்டு தடவை. மூணாவது தடவை உடம்பை முறுக்கிக்கினு பூனைக்குட்டி மாதிரி அழுதுச்சு. நானும் அழுதேன்.

"குறைமாசக் குழந்தைங்க சில நேரம் மூச்சு விட மறந்துடும். நான் இங்கியேதான் இருக்கேன். நீங்க விட்டுடாதீங்க, புடிச்சுகினே இருங்க"ன்னாங்க.

அப்படியே புடிச்சுகினு இருக்கும்போதுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் புரிஞ்சுது. வருஷா வருஷம் நாடகத்துல முன்னணையில, அதான் மாட்டுத் தொட்டியில, ஒரு பொம்மையைப் பார்த்திருக்கேன். ஆனா தேவன் பொம்மையா வரலைங்க. யாராவது தூக்கி அணைக்கலைன்னா குளிர்ல விறைச்சுப் போற உடம்போட வந்தார். இயேசுவை வளர்த்த யோசேப்பும் உளி புடிச்ச தச்சர். அவருக்கும் கை நடுங்கியிருக்கும். அந்தக் கையை நம்பி தேவன் தன்னையே கொடுத்தார். நான் கத்தறதுக்கு ரொம்ப முன்னாடியே இறங்கி வந்துட்டவரை, வாங்கன்னு கூப்பிட்டுகினு இருந்திருக்கேன். பயம் அப்பவும் போகலை. ஆனா அதுக்கப்புறம் நான் தனியா பயப்படலை.

மறுநாள் சாயங்காலம் எஸ்தர் கண்ணைத் திறந்தா. "புள்ள?"ன்னா. "இருக்கா. மூச்சு விடறா"ன்னேன்.

அதோ, மைக் ஒயரை இழுத்துகினு நிக்கறாளே, அவதான்.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அந்த வார்டு வாசலுக்குப் போய், பயந்துகினு நிக்கற அப்பாமாருங்க பக்கத்துல உட்காருவேன். உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். பயம் தெளிஞ்சப்புறம் ஜெபிச்சுக்கலாம்னு இருக்காதீங்க. பயந்த வாயாலயே கூப்பிடுங்க. அவர் உங்க பக்கத்துலதான் இருக்கார்.