மக்டலீன் கராத்தே பழகியது

மக்டலீனுக்கு நாற்பத்துமூன்று வயதிலேயே கோயிலில் முழந்தாளிட முடியாமற் போயிற்று. குருநகரில் அவளோடொத்த பெண்கள் பூசையில் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளில் நிற்க, அவள் கடைசி வாங்கில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டிலிருந்து கோயிலுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டும். சீனி வருத்தமும் பிரசரும் இருக்கிறது, உடம்பைக் குறைக்கவேண்டும் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

முன்பு அவள் அப்படி இருக்கவில்லை. புருஷன் கனிசியஸ் எண்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய வள்ளம் மட்டும் மண்டைதீவுப் பக்கம் கரையொதுங்கியது. உடம்பு கிடைக்காததால் அடக்கம் செய்யவும் வழியில்லை. மக்டலீன் அழுததைவிடச் சாப்பிட்டதுதான் கூட. பகல் முழுக்க நிலத்தில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பாள். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் பானையில் மிஞ்சியதை எல்லாம் வழித்துத் தின்பாள். மூன்று வருடத்தில் பழைய சட்டை ஒன்றும் அவளுக்குக் கொள்ளவில்லை.

ஒரே மகள் பிறிஜித்தாவுக்கு அப்போது பதினேழு வயது. எண்பத்தெட்டாம் ஆண்டு ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், புத்தகத்தை வைத்த கையோடு சொன்னாள்:

"அம்மா, ரவுணிலை பெண் பிள்ளையளுக்குக் கராத்தே பழக்கினம். நான் போகப்போறன்."

மக்டலீனின் அண்ணை சூசைதாசன் அன்றைக்கு வீட்டில் நின்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொம்பிளைப் பிள்ளைக்குக் கையைக் காலை எறியிற வேலை என்னத்துக்கு? சந்திக்குச் சந்தி இந்தியன் ஆமி நிக்கிறான். உந்த ரோட்டாலை அவளைத் தனிய விடப்போறியோ?"

"தனிய விடேல்லை அண்ணை. நானும் கூடப் போறன்" என்றாள் மக்டலீன். அந்த வார்த்தை வாயிலிருந்து எப்படி விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

வகுப்பு நடந்தது யாழ்ப்பாண ரவுணில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில். பழக்கியவள் செல்வநாயகி. முப்பத்தொரு வயது, மெலிந்த, உயரம் குறைந்த பெண். உடுப்பிட்டி ஆட்கள்தான், ஆனால் தகப்பனுக்குக் கொழும்பில் உத்தியோகம் என்பதால் அங்கே வளர்ந்தவள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே கராத்தே பழகிக் கறுப்புப் பட்டி வாங்கியிருந்தாள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீட்டை எரித்தபோது உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினாள். இப்போது ரவுணில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. சத்தம்போட்டுக் கதைக்கமாட்டாள், சிரிப்பதும் குறைவு.

மக்டலீன் சுவரோரமாகக் கிடந்த வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சில மாதம் அப்படியே போனது. ஒருநாள் சோடி சேர்க்க ஒரு பிள்ளை குறைந்தது.

"அக்கா, ஒருக்கா வந்து நில்லுங்கோ" என்றாள் செல்வநாயகி. "இந்தத் தலையணையை நெஞ்சுக்கு முன்னாலை பிடிச்சாக் காணும்."

மக்டலீன் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய் நின்றாள். எதிரே நின்ற பிள்ளை குத்திய குத்தில் தலையணையோடு பின்பக்கமாக விழுந்தாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறிஜித்தா தலையைக் குனிந்துகொண்டாள். செல்வநாயகி மட்டும் சிரிக்கவில்லை. கைகொடுத்து எழுப்பிவிட்டு அவளுடைய பாதங்களைப் பார்த்தாள்.

"காலை ஒட்ட வைச்சிருந்தனீங்கள், அதுதான். அகட்டி வைச்சு, முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கோ. இப்ப அடி பிள்ளை."

இரண்டாவது குத்துக்கு மக்டலீன் அசையவில்லை. குத்திய பிள்ளைதான் ஒரு அடி பின்வாங்கியது.

"நாளைக்குக் களிசான் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ அக்கா. இருந்து பாத்தது காணும்."

வீட்டில் களிசான் என்று இருந்தது கனிசியஸினுடையதுதான். கோயில் திருநாளுக்குப் போடுகிற கறுப்பு நீளக் காற்சட்டை. பெட்டியைத் திறந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நீளத்தை மட்டும் வெட்டித் தைத்தாள். இடுப்பு அவளுக்கு அளவாகவே இருந்தது.

கால்தான் அவளுக்குப் பெரிய வில்லங்கம். உதைக்கத் தூக்கினால் மற்றவளின் முழங்காலுக்கு மேலே போகாது. குதிரை நிலை என்று தொடையை விரித்து நிற்கச் சொன்னால், செல்வநாயகி யப்பான் பாஷையில் இச்சி, நி, சான் என்று எண்ணத் தொடங்கும்போதே தொடை நடுங்கும். வேர்வையில் சட்டை ஒட்டிப்போகும். இரண்டு தரம் வெளியே போய்ச் சத்தி எடுத்தாள். ஆனால் அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும் என்றார்களே, அது மட்டும் அவளுக்கு முதல் நாளே வந்தது. மற்றப் பிள்ளைகள் வெட்கப்பட்டு முனகினார்கள். கரையில் நின்று கடலில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய மக்டலீனின் குரலுக்கு ரோட்டால் போனவர்கள் சயிக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

"கேட்டியளோ? அப்பிடித்தான் வரவேணும்" என்று செல்வநாயகி பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

தகப்பன் போன பிறகு தாயும் மகளும் சோறு, பள்ளிக்கூடம், கூப்பன் அரிசி என்பதற்கு மேல் கதைத்ததில்லை. இப்போது பின்னேரங்களில் குசினிக்குள் பானையைத் தள்ளிவைத்துவிட்டு இருவரும் பழகுவார்கள்.

"கையாலை குத்தாதேங்கோ அம்மா. இடுப்பைத் திருப்புங்கோ, கை தானா வரும்."

"திருப்புறதுக்கு இடுப்பு எங்கை கிடக்கு எண்டு முதல் கண்டுபிடிக்க வேணும் பிள்ளை."

பிறிஜித்தா நிலத்தில் இருந்து சிரித்தாள். மக்டலீன் மகளின் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். சிரிக்கும்போது அவளுக்குத் தகப்பனின் முகம் என்பதையே மறந்துபோயிருந்தாள்.

அடுத்த வருடம் பிறக்க, கோயிலுக்கு நிற்காமல் நடக்கிறாள் என்பதை மக்டலீன் திடீரென்று ஒருநாள் கவனித்தாள். களிசானை இறுக்கிக் கயிறு கட்டவேண்டி வந்தது.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது. வகுப்புக்குப் போகிற வழியில் ஆமிச் சென்றி ஒன்று இருந்தது. எல்லோரும் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அன்றைக்கு நின்றவன் புதியவன். மக்டலீனின் பையைக் கொட்டினான். வெட்டித் தைத்த ஆம்பிளைக் களிசானைக் கண்டதும் ஏதோ கேட்டான். அவளுக்குப் பாஷை விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கையை விரித்தாள். அவன் துவக்கின் நுனியால் நிலத்தைக் காட்டி முழந்தாளில் இருக்கச் சொன்னான். கோயிலில் முழந்தாளிட முடியாத மக்டலீன், தார் உருகிய ரோட்டில் முழந்தாளிட்டாள். வரிசை முழுதும் கடந்து போகும்வரை விடவில்லை. பிறகு போகச் சொன்னபோது அவளால் எழும்ப முடியவில்லை. பிறிஜித்தாதான் தோளைக் கொடுத்துத் தூக்கினாள்.

மக்டலீன் களிசானைத் தட்டிப் பைக்குள் வைத்தாள். "வா பிள்ளை, வகுப்புக்கு நேரம் போகுது" என்றாள். அன்று பின்னேரம் எல்லோரோடும் சேர்ந்து பழகவும் செய்தாள். முழந்தாளில் பட்ட தீக்காயம் ஆறியதும் அதை மனதிலிருந்து எடுத்துவிட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு இந்தியன் ஆமி போனபின், இயக்கத்துக்கும் இலங்கை ஆமிக்கும் பழையபடி சண்டை தொடங்கியது. கோட்டையைச் சுற்றி அடிபாடு. குருநகரில் செல் விழாத நாளில்லை. வீட்டின் கடல் பக்கச் சுவர் இடிந்து விழுந்த அன்று செல்வநாயகி சயிக்கிளில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்கடை உடுப்பிட்டி வீட்டை வாங்கோ. இடம் கிடக்கு."

"நாங்கள் வேதக்காரர். உங்கடை ஆக்களுக்கு..."

"அவைக்கு நான் சொல்லுவன். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

உடுப்பிட்டியில் அவர்களுக்கு ஒரு அறை கிடைத்தது. வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலையும் கிடைத்தது. செல்வநாயகி வளவுக்குள் அயற் பிள்ளைகளுக்குப் பழக்கினாள். அங்கே வந்து நாலாம் மாதம், பின்னேரம் சயிக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறிஜித்தா பொழுதுபட்டும் வரவில்லை. அடுத்த நாள் அவளுடைய சயிக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு பிள்ளை வந்தது.

"அன்ரி, பிறிஜித்தா இயக்கத்துக்குப் போட்டாள். சயிக்கிளை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவள்."

மக்டலீன் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு தோட்டக்காணிக்குள் மகளைக் காட்டினார்கள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். இருவரும் ஒரு வேப்பமரத்தின் கீழே நின்று கதைத்தார்கள்.

"வா பிள்ளை, வீட்டை போவம்."

"வரமாட்டன் அம்மா."

"கராத்தே பழக விட்டதாலைதானே உனக்கு இந்த எண்ணம் வந்தது?"

"அதாலை இல்லை. அண்டைக்கு ரோட்டிலை உங்களை முழந்தாளிலை விட்டவன். நீங்கள் எழும்பி, வகுப்புக்கு நேரம் போகுது எண்டனீங்கள். அதுக்குப் பிறகு எனக்கு ஒழுங்கா நித்திரை இல்லை."

"அது எனக்குத்தானே நடந்தது. நானே மறந்திட்டன்."

"நான் மறக்கேல்லை அம்மா."

நடந்தே திரும்பி வந்த மக்டலீன், படலைக்குள் நின்ற செல்வநாயகியைக் கண்டதும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். மகள் வேறு காரணம் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏசினாள். யாரையாவது ஏசாமல் அன்றைய பொழுதைக் கடக்க அவளால் முடியவில்லை.

"என்ரை பிள்ளைக்குப் பயத்தைத் தெளிவிச்சது நீங்கள்தான் ரீச்சர். பயம் இருந்திருந்தால் அவள் என்னோடை இருந்திருப்பாள்."

செல்வநாயகி அடுத்த கிழமை வந்த பிள்ளைகளை வகுப்பில்லை என்று திருப்பி அனுப்பினாள். இயக்கத்தில் இருந்து இரண்டு பேர் வந்து, தங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டும் என்று கேட்டார்கள். நாரி பிடித்து இடுப்பை அசைக்க முடியவில்லை, ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு கூரையின் கீழ் இருந்தும் இரண்டு பெண்களும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டார்கள்.

மக்டலீனுக்குப் பழைய உடம்பு திரும்பி வந்தது. சீனி ஏறியது. தோட்டத்தில் மண்வெட்டி பட்ட கால்விரல் ஆறாமல் அழுகத் தொடங்கியது. மருந்தில்லாத காலம். செல்வநாயகிதான் விடிய எழும்பி உப்புத் தண்ணீர் காய்ச்சி, புண்ணைக் கழுவி, பழைய வேட்டித் துண்டால் கட்டிவிடுவாள். கதையில்லாமல் வருவாள், கட்டுவாள், போவாள். புண் காய்கிற அளவில், ஒருநாள் மக்டலீன் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், திரும்பத் தொடங்குவம்."

"பிள்ளையளுக்கு நான் இனிப் பழக்கமாட்டன் அக்கா."

"பிள்ளையள் வேண்டாம். எங்களுக்குப் பழக்குங்கோ."

அப்படித்தான் புகையிலைக் குடிலுக்குப் பின்னால் தாய்மாருடைய வகுப்பு தொடங்கியது. மக்டலீன், வெங்காயத் தோட்டக்காரி பராசக்தி, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிலர். எல்லோருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. நாரிக்குத்துக்காரர், முழங்கால் வீக்கக்காரர். அநேகமானவர்களின் பிள்ளைகள் வீட்டில் இல்லை. சிலருடைய பிள்ளைகள் உயிரோடும் இல்லை. ஒருவரையும் அடிப்பதற்காக அவர்கள் வரவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் உன் பிள்ளை எங்கே என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள், அது போதுமாயிருந்தது. பராசக்தி முதல் நாள் கத்தச் சொன்னபோது கத்தத் தொடங்கி, நிறுத்த முடியாமல் அழுதாள். மற்றவர்கள் வரிசை குலையாமல், அவள் முடிக்கும்வரை நின்றார்கள்.

தொண்ணூற்றிரண்டில் செல்வநாயகி மக்டலீனுக்கு மண்ணிறப் பட்டி கட்டினாள். வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு எடுத்த பட்டி. "பட்டி குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை அக்கா, அதுக்குக் கொழும்புக்குப் போகவேணும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் இழுத்து இறுக்கினாள்.

அடுத்த வருடம் பிறிஜித்தா திரும்பி வந்தாள். இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இயக்கம் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கோட்டைச் சண்டை ஓய்ந்திருந்ததால் மக்டலீன் அவளைக் கூட்டிக்கொண்டு குருநகருக்கே போனாள். இடிந்த பக்கத்தைக் கிடுகால் மறைத்துக் குடியிருந்தார்கள். காலையில் மகளை இரண்டு கையிலும் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிக்க வார்ப்பாள். பிறிஜித்தா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். செயற்கைக் கால் பூட்டிய பிறகு ஒருநாள் கத்தினாள்:

"விடுங்கோ அம்மா. நானே நடக்கிறன்."

நடந்தாள், விழுந்தாள். மக்டலீன் இரண்டு அடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விழுந்த பிள்ளையைத் தூக்காமல் நிற்பதுபோல வேறொன்றும் அவளுக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. பிறிஜித்தா சுவரைப் பிடித்துத் தானாக எழும்பினாள். பின்னேரம் சாப்பிடும்போது, "சொதி நல்லாயிருக்கு" என்றாள். வந்த பிறகு அவளாகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி ரவுணை நெருங்க, யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. அந்த மழையிலும் சனத்திலும் செயற்கைக் கால் புண்ணாக்கிவிட, மகளைச் சயிக்கிள் கரியரில் இருத்திச் செம்மணி வெளியால் தள்ளிக்கொண்டு போனாள் மக்டலீன். அவளுக்கு ஐம்பது வயது. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கி நின்றபோது சயிக்கிளைச் சரியவிடாமல் இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றாள். வழியில் இருந்து ஆறி, தெரிந்தவர் தெரியாதவர் வீடுகளில் தங்கி, உடுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

செல்வநாயகியின் வீட்டில் விறாந்தை, மால், மாட்டுக்கொட்டில் எல்லாம் சனம். வகுப்பு நடந்த இடத்திலும் அடுப்புகள் எரிந்தன. செல்வநாயகி படலைக்கு ஓடிவந்து சயிக்கிளைப் பிடித்தாள்.

"கால் நோகுதோ அக்கா?"

"நோகுது ரீச்சர். முதல் பிள்ளையை உள்ளை கொண்டுபோங்கோ."

அத்தனை பேருக்கும் கிணறு ஒன்றுதான். அடுத்த நாள் விடிய மக்டலீன் களிசானை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் எழும்பமுன் தண்ணீர் அள்ளத் தொடங்கினாள். பிறிஜித்தா கிணற்றுக் கட்டில் இருந்து, வாளிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் குடங்களில் ஊற்றினாள்.