நல்லான் செக்கிங் செய்த கொறங்காடு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நல்லானோடு பதினெட்டு வருஷம் ஒரே செக்கிங் டேபிளில் நின்றவன் நான். வெள்ளைப் பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'டேமேஜ்' என்று ஓரமாக எறிந்துவிடுவார். துளிக் குறையும் இல்லாததற்குத்தான் 'பாஸ்'. ஸ்டிக்கர் ரோல் எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். ஒருமுறை கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வேட்டியில் சிந்திய சாம்பாருக்கும் ஒட்டிவிட்டார். கைப்பழக்கம், பாவம்.

அப்பேர்ப்பட்டவர் வேலையை விட்டுவிட்டு வெள்ளகோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். அங்கே நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது மாடு மேய்கிற காடு. கொழுக்கட்டைப் புல்லும் சில வெள்வேல மரங்களும், சுற்றிலும் கிளுவை முள்செடி வேலியும். அவர் மனைவி வேலாத்தாள் இரண்டு மயிலைப் பசுக்களை அதை நம்பித்தான் வளர்த்தார். நல்லான் கண்ணுக்கோ காடு முழுக்க டேமேஜ்.

"சுத்தம் பண்ணி மக்காச்சோளம் போடறேன்" என்றார்.

"ஏனுங்க, மாட்டு வாயில மண்ணப் போடாதீங்க" என்றார் வேலாத்தாள்.

மனுஷன் கேட்டால்தானே. வேலியைப் பிடுங்கினார், மரத்தை வெட்டினார், டிராக்டர் விட்டு மூன்று தரம் ஓட்டினார். நிலம் புட்டு மாவாட்டம் ஆனது. அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கீழே 'பாஸ்' என்று எழுதியிருந்தார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஆடிக்காற்று மட்டும் தேதி தவறாமல் வந்தது. வருஷா வருஷம் அடிக்கிற காற்றுதான். முன்பெல்லாம் புல்லின் வேர் மண்ணைப் பிடித்திருந்தது, வேலி காற்றைத் தடுத்தது. இரண்டையும் இவர் ஒழித்துவிட்டதால் நாலு ஏக்கரும் எழுந்து கிளம்பிவிட்டது. தோசையில் மண், காதில் மண், பீரோவில் மடித்த புடவையிலும் மண். வேலாத்தாள் அவர் பையிலிருந்த ரோலில் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து நல்லான் நெஞ்சிலேயே ஒட்டினார். சட்டை மாற்றினாலும் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

"ஐப்பசிக்குள்ள புல்லு வரலீன்னா மாட்டச் சந்தைக்கு ஓட்டறதுதானுங்க" என்று சொல்லி அழுதார். நல்லானும் அழுதார். கண்ணில் தூசி என்று பிற்பாடு என்னிடம் சமாளித்தார்.

காணாமல் போன மண் கிழக்கே அகப்பட்டது. பக்கத்துக் காட்டு வெள்ளையம்மாள் வேலியை வெட்டாமல் வைத்திருந்தார். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு நல்லானின் மண்.

"அக்கா, எம்மண்ணு உங்க வேலியில இருக்குதுங்க."

"எடுத்துக்க தம்பி. எங்க காட்டுப் புல்லு வெதையும் அதுல கெடக்கும். பொறுக்கீட்டு நிக்காம அப்படியே அள்ளிக்க."

வாழ்நாளெல்லாம் பொறுக்கியவருக்கு இது சோதனைதான். ஆனாலும் கூடை கூடையாகச் சுமந்து காட்டில் கொட்டினார். எல்லை நெடுக மறுபடி வேலி தழைக்கக் கிளுவைக் குச்சி நட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ச் சுமந்தேன். நெஞ்சில் ஸ்டிக்கரோடு அவர் நடந்ததைப் பார்த்துச் சிரித்ததில் என் கூடை பாதி வழியிலேயே காலி.

ஐப்பசி பதினெட்டில் மழை. மண் கொட்டிய இடங்களில் ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு திட்டிலும் குச்சி நட்டு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினார் நல்லான். "காடு நெறையற வரைக்கும் மாடு ரெண்டும் எங்ககிட்ட மேயட்டும்" என்றார் வெள்ளையம்மாள்.

வேலாத்தாள் காட்டைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு நல்லான் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரை மெல்ல உரித்தார்.

"பாஸுங்க" என்றார்.