ஏற்றத்தை நிறுத்தத் தெரிந்த நசீர் நானா

கடை வாசலில் சீமெந்து லொறி இறக்கிக்கொண்டிருந்தபோது கிண்ணியாவிலிருந்து அழைப்பு வந்தது. நசீர் நானா காலமாகிவிட்டார். "சரி, வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூட்டைகள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்தபடியால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்தவர், நெடுந்தூர ஓட்டக்காரர். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு, கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து எங்கள் ஊருக்கு வந்து, கோட்டைக்குள்ளால் கோயிலுக்கு ஏறும் சரிவில் எங்களைப் போன்ற நடுவயதுக்காரரை ஓட வைத்தவர். ஓடி ஏற வேண்டும், நடந்து இறங்க வேண்டும், மறுபடி ஓடி ஏற வேண்டும். நெடுந்தூரத்துக்கான கால் அந்தச் சரிவில்தான் உருவாகும் என்பார்.

நான் சீனி வருத்தத்துக்குப் பயந்து சேர்ந்தவன். முதல்நாள் எல்லாரையும் முந்தி ஏறினேன். அடுத்த ஏற்றத்தில், கோட்டைக்குள் திரியும் மான்கள் பார்த்துக்கொண்டிருக்க, மதிலோரம் குனிந்து வயிற்றிலிருந்ததெல்லாம் சத்தி எடுத்தேன்.

"என்ன முதலாளி, கடை திறந்த அண்டைக்கே முழுச் சரக்கையும் வித்திட்டீங்களோ?"

"திரும்ப ஏறுறன் நானா."

"ஏலாது. இடுப்பு குனிஞ்சிட்டுது, கால் இழுபடுது. ஓட்டம் குழம்பினா அண்டைக்கு அவ்வளவுதான். அதுக்கு மேல ஏறினாக் காயம்தான் மிச்சம்."

இந்த ஒரு விஷயத்தில் அவர் எவருக்கும் இரங்கியதில்லை. போட்டி நெருங்கியிருந்தாலும், குழம்பியவரைக் கையில் பிடித்து வெளியே நிறுத்துவார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒன்றுமில்லாமல் தொடங்கி, விடாப்பிடியாக நின்று கடை வைத்தவன் நான்.

போன வருடம் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்றார்கள். மருந்தேற்றக் கொழும்புக்குப் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிந்து வந்தார். பிறகு, இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும், கொழும்புக்குக் கூட்டிப்போக வாடகை வான் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் நின்றேன்.

"இன்னும் ஒருக்கா ஏத்திப் பாக்கலாமெண்டு டொக்டர் சொல்றாராம். எழும்புங்கோ."

"சுகம் வருமெண்டு சொன்னவரோ?"

நான் வாசலில் நின்ற வானைக் காட்டினேன்.

"ஓட்டம் குழம்பிட்டுது, முதலாளி. என்னைப் பாத்தாத் தெரியேல்லையா? வானை அனுப்பிட்டு இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

குடித்தேன். வாதாடிக்கொண்டேதான் குடித்தேன். அவர் அசையவில்லை.

அடக்கத்தன்று அவருடைய மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாப்பா கடைசி மட்டும் உம்மாவோட கதைச்சுக்கொண்டே இருந்தார், அங்கிள். ஆஸ்பத்திரியில கிடந்திருந்தா அந்தக் கதையொண்டும் எங்களுக்குக் கிடைச்சிருக்காது."

இருக்கலாம். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், நானா. நீங்கள் இன்னும் ஒருதரம் போய்ப் பார்த்திருக்கலாம் என்றுதான் என் மனம் இப்போதும் அடித்துக்கொள்கிறது.

மண் போட என்னையும் முன்னால் விட்டார்கள். கை நிறைய அள்ளினேன். விரல் விரியவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்துநின்றார்கள்.

போட்டுவிட்டேன், நானா. போய்வாருங்கள்.